கும்பிடுபூச்சிக்கு எழுதிய ஊர்

எனக்கு அப்போது ஓரிடத்தில் உட்காரவே பிடிக்காது. வாய்த்த வேலையோ உட்கார்ந்தே செய்ய வேண்டியது. தொண்ணூறுகளின் நடுவில், திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் மியூசியத்தில் தற்காலிகப் பணி. செத்த பூச்சியை ஊசியில் குத்தி, அதன் கீழே நகத்தளவு காகிதம் ஒன்றைச் செருக வேண்டும். பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர், ஒரு எண். நாள் முழுக்க நாப்தலீன் வாடை. ஜன்னலுக்கு வெளியே சென்னை பஸ் போகும்போதெல்லாம் என் கால் தானாக ஆடும். அதில் ஏறிப் போய் ஆராய்ச்சிக்குச் சேர்ந்துவிட வேண்டும். வேறு ஆசையே கிடையாது.

துறைத்தலைவர் கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளை. தங்கமான மனுஷர்தான், ஒரு விஷயம் தவிர. மலையில் பிடித்த பூச்சிக்கு மலை என்று எழுத விடமாட்டார்.

“ஏம்மா, அது மலையா? சாமிம்மா. சாமி மேல இருந்த உயிரைக் கொன்னுட்டு, அதை எழுத்துல வேற போட்டு வைப்பியா? வேங்கிக்கால்னு எழுதிடு.”

“வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸும் வீட்டு மனையும்தான் சார் இருக்கு.”

“அங்கயும் பூச்சி இருக்கும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடம் பொய்யானால் பூச்சி வெறும் குப்பை. இது இந்த வேலையின் அரிச்சுவடி! நான் ‘அண்ணாமலை, தெற்குச் சரிவு’ என்றே எழுதிச் செருகினேன். திங்கட்கிழமை வந்து பெட்டியைத் திறந்தால் அத்தனையும் வேங்கிக்கால். அவருடைய முத்து முத்தான கையெழுத்து. எண்ணை மட்டும் மாற்றவில்லை.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்க. நீங்க முழு மலையையே மறைக்கிறீங்களே சார்!” என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே வகுப்புக்குப் போய்விட்டார்.

அந்தப் பெட்டியில் நான் பிடித்த ஒரு கும்பிடுபூச்சி இருந்தது. பாறை நிறம், இறக்கை இல்லை. படம் எடுத்துச் சென்னையில் ஒரு பூச்சி நிபுணருக்கு அனுப்பினேன். இதுவரை யாரும் பதிவு செய்யாத வகையாக இருக்கலாம், நேரில் வருகிறேன், இன்னொன்று கிடைத்தால் உங்களையே ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்கிறேன் என்று பதில் எழுதினார். எனக்குத் தூக்கமே போயிற்று.

வந்தார். பெட்டியைத் திறந்து லேபிளைப் படித்தார். “வேங்கிக்காலா? போலாம் வாங்க.” நான் துறைத்தலைவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். வந்தவர் முன்னால் அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேங்கிக்கால் மனைகளில், கொளுத்தும் வெயிலில், கல் கல்லாகப் புரட்டித் தேடினோம். கட்டெறும்புதான் கிடைத்தது. நிபுணர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வீடு கட்டியே அழிச்சிட்டாங்க போல. சரி, நான் கிளம்பறேன்” என்றார்.

நான் ஏற வேண்டிய பஸ் என்னை விட்டுவிட்டுப் போகிறது! அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“சார், இங்க தேடினா ஜென்மத்துக்கும் கிடைக்காது. மலையில பிடிச்சேன். இந்த லேபிளே பொய்!”

“லேபிள் பொய்னா, இப்ப நீங்க சொல்றதை மட்டும் எப்படிம்மா நம்பறது?”

துறைத்தலைவர்தான், “காலேஜுக்கு வாங்க, காட்டறேன்” என்றார்.

மியூசியத்தில் பிள்ளையார் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு விபூதிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே, விபூதி படிந்து, நான் எழுதிய காகிதங்கள் எல்லாம் இருந்தன.

“மலை பேர் எழுதின காகிதம். குப்பையில எப்படிப் போடறது?”

கும்பிடுபூச்சியின் எண்ணுள்ள காகிதத்தைத் தேடி எடுத்து நிபுணரிடம் நீட்டினேன். அவர் எண்ணைப் பெட்டியோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார். இந்தத் துறைத்தலைவர் காலில் விழுவதா, கழுத்தை நெரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலமே செங்கம் ரோட்டுப் பக்கமாக மலை ஏறினோம். துறைத்தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு அடிவாரத்திலேயே நின்றுகொண்டார். பாறை மேல் அது கை கூப்பியபடி இருந்தது. பூச்சியைக் கொல்லும் மருந்துப் புட்டியை நான்தான் அதன் மேல் கவிழ்த்தேன்.

மறுநாள் ஊசி குத்தி முடித்ததும், துறைத்தலைவர் பேனாவைக் கேட்டு வாங்கினார். ‘அண்ணாமலை, தெற்குச் சரிவு’ என்று அவர் கையாலேயே எழுதினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்து, பிடித்தவர் என்று வரும் இடத்தில் தன் பெயரை எழுதினார்.

“சார்! அது என் பூச்சி சார்!”

“தெரியும்மா. நீ இனிமே வாழப்போறவ. இந்தப் பாவம் என் மேல போகட்டும்.”

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “பாவமோ புண்ணியமோ, என்னுது சார். குடுங்க” என்று பேனாவைப் பிடுங்கினேன். அவர் தான் எழுதியதை மடித்து விபூதிப் பொட்டலத்தில் வைத்தார்.

புதுக் காகிதம் எடுத்தேன். மலையை எழுதினேன். தேதியை எழுதினேன். பிடித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். என்னோடு சென்னைக்கு வந்த அந்தப் பூச்சியை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும், என் பெயர் மட்டும் கோணலாகத்தான் இருக்கும்.