தட்டம்மைக்குச் சொந்த ஊர் எது?

பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் உட்கார்ந்ததில்லை. ஆனாலும் செம்போர்னா கரையில் சொந்தமாகப் படகுத்துறை கட்டியவன் இந்த ஹாஜி சப்துரானி. ஒவ்வொரு தூணும் நானே கடலில் இறங்கி நட்டது. அங்கே யார் படகுக் கயிறு கட்டலாம் என்பதும் என் பேச்சுதான். ஆகையால் ஜல்மினாவைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது.

ஜல்மினா படகில் பிறந்து, படகிலேயே பிள்ளை பெற்றவள். கடல்திராட்சை என்கிற பாசியைப் பறித்து விற்பாள். எதைக் கண்டாலும் கேள்வி கேட்பாள். நான் என்ஜினைப் பிரித்தால் பக்கத்தில் உட்கார்ந்து, இது எதுக்கு, அது எதுக்கு என்று உயிரை எடுத்துவிடுவாள்.

போன வருஷம் எங்கள் தண்ணீர்க் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வரிசையாகத் தட்டம்மை கண்டது. ஜல்மினாவின் மகனுக்கும் கண்டது. அவள்தான் தென் தீவுகளிலிருந்து நோயைக் கொண்டுவந்தாள் என்று மீன் மொத்த வியாபாரி மண்டஹார் ஊரைக் கூட்டி, அவள் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி என் வாசலுக்கு வந்தான். அவிழ்த்தால் குழாய்த் தண்ணீரும் இல்லை, சந்தையும் இல்லை. காய்ச்சல் பிள்ளையோடு திறந்த கடல்தான்.

நர்ஸ் நோர்லைலா சோதனைக்குத் தொண்டைச் சளி எடுக்க வந்தபோது பலர் பிள்ளைகளை ஒளித்தார்கள். ஜல்மினா மகனை முன்னால் நிறுத்தினாள்.

"கிருமி எந்த ஊருன்னு எப்படித் தெரியும், தங்கச்சி?"

நர்ஸ் விளக்கினாள்: கிருமி பெருகும்போது தன்னையே நகல் எடுக்குமாம். அதில் சின்னச் சின்னப் பிசகு விழுந்து மரபணுவில் தங்கிவிடுமாம். எந்த ஊர்க் கிருமியோடு பிசகு ஒத்துப்போகிறதோ, அந்த வழியில் வந்ததாம்.

"படகு மூக்குல செதுக்குற கொடி மாதிரியா? அப்பன் செதுக்குனதைப் பார்த்து மகன் செதுக்குவான், ஒரு இலை கோணிக்கும். ஆனா யார் வீட்டுப் படகுன்னு தெரிஞ்சுடும்."

"அதேதாங்கக்கா."

பதில் வரும்வரை கயிறு அவிழாது என்று நான் சொல்லிவிட்டேன். என்னை எதிர்த்துப் பேச அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

பதில் வந்தது. தென் தீவுகளில் திரிந்த கிருமி வேறு கிளை. இது கடலுக்கு அப்பால் தீபகற்பத்துப் பெருநகரத்தில் பரவியது. அங்கிருந்து வந்தவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். மண்டஹார் மகள் கல்யாணத்துக்கு விமானத்தில் இறங்கிய அவன் தம்பி குடும்பம். அதில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலும் சளியும். விருந்துக்குக் கடல்திராட்சை கொடுக்கப் போன ஜல்மினாவின் இடுப்பில் அன்று அவள் மகனும் இருந்தான்.

மண்டஹார் துறைக்கு வந்து, கடலைப் பார்த்தபடி, இங்கேயே கட்டிக்கொள் என்று ஜல்மினாவிடம் சொன்னான்.

"நீங்க சொன்னா ஆச்சா, முதலாளி? உங்க பேரப்பிள்ளைங்களுக்கு ஊசி போட்டாச்சா? எங்க படகுல என்கூடப் பொறந்தவளோட கைக்குழந்தை இருக்கு, அதுக்கு ஊசி போடுற வயசு வரல. உங்க வீட்டுல போடுற வரைக்கும் நாங்கதான் தள்ளி நிக்கணும்."

தானே கயிற்றை அவிழ்த்து, கூப்பிடு தூரத்தில் படகை நிறுத்தினாள். துறை முழுக்கச் சிரித்தது. மறுநாளே மண்டஹார் பேரப்பிள்ளைகளை ஊசி போட மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு போனான். அவனுக்குப் பின்னால் பாதி ஊரும் போனது.

இனி வரலாம் என்று துறையில் நின்று நர்ஸ் கையசைத்த பிறகுதான் ஜல்மினா திரும்பி வந்தாள். கயிற்றை என் தூணில் சுற்றிக்கொண்டே நர்ஸிடம் கேட்டாள்:

"அந்தப் பெருநகரத்துக்கு அது எங்கேருந்து வந்துச்சாம்?"

"இன்னும் தேடுறாங்கக்கா."

"கிடைச்சதும் சொல்லு. இங்கதான் இருப்பேன்."