நான் தண்ணீர் குடித்த செம்பு

அந்தச் செம்பை முதலில் கையில் எடுத்தவன் நான். அவன் அல்ல. இதை எழுதும்போதும் நெஞ்சுக்குள் எரிகிறது.

மயிலிட்டியில் மீன்பிடி வள்ளங்கள் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டி வீட்டிலிருந்து போன் வந்தது. கிணற்று மோட்டர் நின்றுவிட்டதாம். அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் எரிந்த மோட்டர்களுக்குக் கம்பி சுற்றுகிற கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன். அந்த மோட்டரை இரண்டு மாதத்துக்கு முன் சுற்றிக் கொடுத்ததும் நான்தான். அதனால் போகிற வழி முழுக்க ஒரே யோசனை. நான் சுற்றிய கம்பிதான் எரிந்துவிட்டதோ? வார்னிஷ் காய முன்னம் பூட்டிவிட்டேனோ? யாருக்காவது கரண்ட் அடித்து, அதை எனக்குச் சொல்லாமல் மறைக்கிறார்களோ? டெஸ்டரை எடுத்து வைத்தேனா என்று பார்க்க இரண்டு இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். இரண்டு தடவையும் டெஸ்டர் பையில்தான் இருந்தது.

போய்ப் பார்த்தால் எலி ஒன்று சுவிட்சுக்குப் போகும் வயரைக் கடித்திருந்தது. அவ்வளவுதான். உயிர் திரும்பி வந்தமாதிரி இருந்தது. வாய் காய்ந்துபோயிருந்தது. வீட்டுக்கார அம்மா பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்து, செம்பைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுச் சுவிட்சின் மூடியைப் பூட்டினேன். திருப்பிக் கொடுக்கலாம் என்று செம்பை எடுத்தால் பாரமாக இருக்கிறது. உள்ளே தண்ணீர். அவசரத்தில் மிச்சம் விட்டுவிட்டேன் போல என்று நினைத்து அதையும் குடித்தேன்.

"உது அப்பிடித்தான் அண்ணை, குடிக்கக் குடிக்க மிச்சம் வைக்கும்" என்று அந்த அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். செம்பைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மந்திரவித்தைக்காரர்கள் பாவித்த பழைய சாமான்களை இருபது வருடத்துக்கு மேலாகச் சேர்க்கிறவன் நான். வித்தை செய்ய எனக்கு வராது. நான்கு பேருக்கு முன்னால் நின்றால் கை நடுங்கும். ஆனால் அந்தச் சாமான்களைச் செய்தவனின் கை எப்படிப்பட்டது என்று பார்க்கத் தெரியும். என் இரும்பு அலுமாரியில் ஒரு முட்டைச் செப்பு இருக்கிறது, கடைசல் வேலை. மூடியைத் திறந்தால் முட்டை இருக்கும். மூடித் திறந்தால் இருக்காது. அதைச் சுற்றிப் பன்னிரண்டு கோடு கடைந்திருக்கிறான். பதினொன்று அழகுக்கு. பன்னிரண்டாவது கோட்டில்தான் மூடிக்குள் இருக்கும் இரண்டாவது மூடி பிரிகிறது. எது அந்தக் கோடு என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் சென்றது. கருங்காலியில் இழுத்துத் திறக்கிற ஒரு லாச்சிப் பெட்டியும் இருக்கிறது. லாச்சிக்குள் இன்னொரு லாச்சி. இரண்டுக்கும் நடுவில் ஒரு தாள் போகாது, ஆனால் இழுத்தால் சத்தமே வராது. அதை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தால் எனக்கு யோசனைகள் கொஞ்சம் அடங்கும்.

என்னைப்போல இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொருவனைத்தான் இந்தப் பக்கத்தில் நான் அறிவேன். குருநகரில் மீன் வியாபாரம் செய்கிறவன், என்னைவிட ஆறு வயது இளையவன். ஐஸ் உடைக்கிற மெஷினின் மோட்டரோடு கடைக்கு வந்தவன், மேசையில் இருந்த முட்டைச் செப்பைக் கண்டுவிட்டு மோட்டரை மறந்துவிட்டான். அன்றிலிருந்து பழக்கம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குப் புதுச் சாமான் கிடைத்தாலும் ஒரு கிழமை, ஏழு நாள், மற்றவன் வீட்டில் வைக்கவேண்டும். மற்றவன் ஆசை தீரப் பார்க்கலாம், கழற்றக்கூடாது, திருத்தக்கூடாது. இந்த வழக்கத்தை உண்டாக்கியதும் நான்தான். அவன் எனக்கு மறைத்து எதையாவது வாங்கிவிடுவானோ என்ற பயத்தில்.

சாமான்களை நான்தான் தேடித் திரிவேன். அவனிடம் அவை தேடி வரும். யாரோ வீடு துப்புரவாக்கினால் குப்பைக்குள் இருந்து சீட்டு மறைக்கிற பெட்டி அவனுக்கு அகப்படும். பாரிசிலிருந்து மருமகன் அனுப்பும் உடுப்புப் பொதிக்குள் வித்தைக்காரனின் வெல்வெட் பை கிடக்கும். எனக்கு வருகிற பொதியில் சொக்கிலேட் மட்டும்தான் இருக்கும்.

மயிலிட்டிக்குப் போய் இரண்டு கிழமை இருக்கும். ஒரு மத்தியானம் ஒரு பையில் பாரை மீனும் பேப்பரில் சுற்றிய செம்பு மாதிரி ஒன்றுமாக என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணை, ஒரு செம்பு தண்ணி தாங்கோவன்."

"கேட்கிறவன் செம்போடையோ வாறது?"

பேப்பரை அவிழ்த்துத் தானே குழாயில் நிரப்பினான். முற்றத்துக் குரோட்டன் செடிக்கு ஊற்றினான். கவிழ்த்து உதறினான். ஒரு சொட்டும் இல்லை. கீழே வைத்து, என்னைப் பார்த்துக்கொண்டு, எடுத்து ஊற்றினான். தண்ணீர் விழுந்தது. மறுபடி உதறினான், மறுபடி வைத்தான், மறுபடி ஊற்றினான். எட்டி அதைக் கையில் வாங்கினேன். அந்த வாய் விளிம்பு, அந்தப் பாரம்.

"உது எங்கை எடுத்தனீ?"

"மயிலிட்டியிலை, ஒரு சம்மாட்டி வீட்டிலை. மீன் பாக்கப் போன இடத்திலை தண்ணி தந்தவை."

"கிணத்தடியிலை கொய்யாமரம் நிக்கிற வீடோ?"

"ஓம் அண்ணை! உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது" என்றேன்.

அவன் தன் பாட்டில் சொல்லிக்கொண்டு போனான். "அந்த அக்கா சொல்லிச் சிரிச்சவ. முதலும் ஒரு மோட்டர்காரர் உதிலை ரெண்டுதரம் குடிச்சவராம். ஒண்டும் விளங்காமல் மூஞ்சையைத் துடைச்சுக்கொண்டு போயிட்டாராம்..." அங்கே நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான். "ஐயோ அண்ணை! நீங்களோ?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உள்ளிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, எனக்கும் சொல்லுமன்" என்றாள். "ஒண்டுமில்லை அக்கா, அண்ணையின்ரை பகிடி ஒண்டு" என்றுவிட்டு மறுபடி சிரித்தான்.

அந்த வீட்டாரை அவன் ஏமாற்றியிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. அவர்களுக்கு வித்தையைச் செய்து காட்டி, இது இன்னதென்று சொல்லி, புது எவர்சில்வர்க் குடமும் செம்பும் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் முழுச் சந்தோசத்தோடு கொடுத்தார்களாம். எங்கே குறை சொல்வது?

வழக்கப்படி செம்பு ஒரு கிழமைக்கு என் வீட்டில் தங்கியது. மத்தியானத்தில் கடையைப் பூட்டிவிட்டு வந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். சுவர் இரண்டு, நடுவில் தண்ணீர் நிற்கும் இடம். உள்ளே அடியில் நிழல் விழும் பக்கமாக ஒரு துளை. வெளியே கழுத்து வளையத்துக்குக் கீழே இன்னொன்று, கடுகு போகாத அளவு. அந்த மேல் துளையைப் பெருவிரலால் பொத்தினால் நடுவில் இருக்கிற தண்ணீர் அசையாது. விரலை எடுத்தால் உள்ளே இறங்கும். இவ்வளவுதான் வித்தை. ஆனால் செய்திருக்கிற விதம்! பொருத்து எங்கே என்று நகத்தால் தடவினாலும் அகப்படாது. தட்டினால் ஒற்றைச் சுவர்ச் செம்பின் சத்தந்தான் வரும். அதற்கு எத்தனை செம்பு செய்து பார்த்திருப்பான் அந்த மனிசன்! அப்படிப்பட்டதை நான் வாய்க்கு மேலே பிடித்து இரண்டு தரம் குடித்துவிட்டு, எலி கடித்த வயரைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

இது என்னிடம் இருந்திருக்க வேண்டியது. கிழமை முழுக்க எனக்கு வேறு எண்ணமே இல்லை.

ஆறாம் நாள் சரஸ்வதி பூசை. கடையில் ஆயுதங்களுக்கு முன்னால் கும்பம் வைப்போம். காலையில் மனைவி வீட்டுப் பித்தளை எல்லாவற்றையும் கிணற்றடியில் பரப்பி, புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் அந்தச் செம்பும் பளபளவென்று இருந்தது.

"இஞ்சேருங்கோ, உந்த அலுமாரிக்கை கிடக்கிற குப்பையளுக்கை இது ஒண்டெண்டாலும் வீட்டுக்கு உதவும். கும்பத்துக்கு எடுக்கட்டோ?"

"எடு" என்றேன். அது அவனுடையது என்று சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் செம்போடு வந்தாள். "நிறைச்சு வைச்சால் கழுத்துக்குக் கீழை கசியுது. ஓட்டைச் செம்பிலை கும்பம் வைக்கிறதோ? உங்கடை ஈயத்திலை ஒரு சொட்டு விட்டுத் தாங்கோ."

அவளில் பிழை இல்லை. எங்கள் வீடுகளில் எந்தப் பெண்ணும் அதைத்தான் சொல்லுவாள். பிழை எனக்குள் இருந்தது. அவள் சொன்ன அந்த நிமிடமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்தத் துளை அடைபட்டால் இது வெறும் செம்பு. எத்தனை தரம் வைத்து எடுத்தாலும் தண்ணீர் வராது. கேட்டால் மனிசி அடைக்கச் சொன்னாள் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஈயம் வைக்கிற அயனைச் சூடாக்கினேன். புளியில் தேய்த்த பித்தளை ஈயத்தை உடனே பிடித்துக்கொள்ளும். ஒரு சொட்டு. நடுங்காமல் வைத்தேன். வேலை செய்யும்போது மட்டும் என் கை நடுங்குவதில்லை.

கடையில் தேங்காயும் மாவிலையுமாக அந்தச் செம்பு கும்பமாக நின்றது. அதற்கு முன்னால்தான் கற்பூரம் காட்டினேன். கண்ணை மூடப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் அவன் வந்து செம்பைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். போகும்போது, "ஞாயிறு மகளின்ரை முதல் நன்மை, சுவாமி கையாலை முதல்தரம் நற்கருணை வாங்கிறாள். அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்திடுங்கோ. கோயிலாலை வந்து சனத்துக்கு முன்னாலை இதைத்தான் செய்யப்போறன். மகள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டாள்" என்றான்.

இந்த ஒன்றை நான் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் யோசிக்கிற நான் இதை யோசிக்கவில்லை. வெள்ளை உடுப்போடு அந்தப் பிள்ளை நிற்க, அவன் செம்பைத் தூக்கி ஊற்ற, ஒன்றும் வராமல் போனால்? வித்தைக்காரன் மானம்கெட்டு நிற்பதை நான் கண்டிருக்கிறேன். சனம் முதலில் சிரிக்கும், பிறகு பாவம் என்று பார்க்கும். அந்த இரண்டாவதைத்தான் தாங்க முடியாது. போனை எடுத்தேன், வைத்தேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. "காய்ச்சலோ?" என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஞாயிறு விடிந்ததும் ஈய அயனையும் கொஞ்சம் செப்புக் கம்பிப் பின்னலையும் பையில் போட்டுக்கொண்டு, மனைவியைப் பிறகு பஸ்ஸில் வரச்சொல்லிவிட்டுக் குருநகருக்குப் போனேன். அவன் சேர்ட்டுக்கு அயன் பிடித்துக்கொண்டு நின்றான். மேசையில் செம்பு.

"தம்பி, அந்தச் செம்பு... மனிசி கும்பம் வைக்க எடுத்தவள். ஓட்டையெண்டு..."

"அடைச்சிருக்கு. தெரியும்."

"எப்ப தெரியும்?"

"கொண்டுவந்த அண்டைக்கே. இவ்வளவு துப்புரவா ஈயம் வைக்கிற கை வேறை ஆருக்கு இருக்கு? மூண்டு நாளா போன் வருமெண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. "அக்கா கேட்டவ, சரி" என்றான் மெதுவாக. "நீங்கள் மாட்டனெண்டு சொல்லியிருக்கலாமே, அண்ணை."

 "எனக்குப் பொறாமையடாப்பா" என்றேன். அது எப்படி வாயில் வந்ததென்று தெரியவில்லை.

அவன் சேர்ட்டைத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கத்தையும் அயன் பிடித்தான். "அது எனக்கு எப்பவோ தெரியும். இப்ப திறவுங்கோ. நான் சூடு காட்டப் பயந்து விட்டு வைச்சிருக்கிறன். கூடக் காட்டினா உள்ளுக்கை இருக்கிற பொருத்தும் விட்டிடும். பூசை எட்டரைக்கு."

அயன் முனையைத் தொட்டும் தொடாமலும் வைத்தேன். ஈயம் உருகியதும் கம்பிப் பின்னலால் ஒற்றி எடுத்தேன். ஊசியால் குத்தித் துளையைத் திறந்தேன். உள்ளே பொருத்து விட்டிருக்குமோ என்று உடனே நிரப்பிப் பார்த்தேன். விடவில்லை. ஆனால் துளையைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளி வளையம் மிஞ்சிவிட்டது. சுரண்டினால் பித்தளையில் கீறல் விழும். எத்தனையோ கைமாறி ஒரு மறுவும் இல்லாமல் இருந்த செம்பில் இனி என் மறு இருக்கும்.

கோயிலால் வந்தபின் முற்றத்தில் சனம் நிறைந்து நின்றது. பஸ்ஸில் வந்த மனைவி முன்னால் பெண்களோடு, நான் பின்னால், மதில் ஓரம். அவன் செம்பைத் தூக்கினான். ஊற்றினான். உதறினான். வைத்தான். எடுத்தான். தண்ணீர் வந்தது. ஆறு தரம் வந்தது. பிள்ளை கை தட்டித் துள்ளியதில் தலையில் வைத்த வெள்ளைப் பூமுடி கழன்று விழுந்தது.

றோல்சும் கேக்கும் கொடுக்கும்போது என் பக்கத்தில் வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. "அண்ணை, முந்தி அந்த ஓட்டையைத் தேடவேணும். ரெண்டுதரம் விரல் பிசகினது. இப்ப உங்கடை ஈயம் பெருவிரலிலை தட்டுப்படுது. குனிஞ்சு பாக்கத் தேவையேயில்லை. நல்ல வேலை செய்தனீங்கள்."

கெடுக்கப் போனதும் அவனுக்கே வாய்த்தது. என்ன செய்வது? கேக்கைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வரும் வழியில், மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்த மனைவி கேட்டாள். "அது எங்கடை கும்பச் செம்பெல்லோ?"

"ஓம்."

"அப்ப ஓட்டையில்லையோ அது?"

"இல்லை."

அவள் என் தோளில் வைத்திருந்த கையை எடுத்துப் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்கு மோட்டர் பார்க்கப் போனாலும், தண்ணீர் தந்தால் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைக்கிறேன். எவர்சில்வர்ச் செம்பாக இருந்தாலும் சரி. வைத்துவிட்டுச் செம்புக்குள்ளே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். விடாய் தீரவில்லை என்று நினைத்து வீட்டுக்காரர் மறுபடி நிறைத்துத் தருகிறார்கள்.