கூண்டுக்கு ஆங்கிலம்

எழுதுவதற்கு ஆங்கிலத்தில் 'ரைட்' என்ற ஒரே சொல்தான் உண்டு என்று நம்பியிருந்தவரை நான் நிம்மதியாக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் மண்ணூர்ப் பக்கம், டப்பா மூடி அடிக்கும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்தது. நிம்மதி போயிற்று. ஷிப்டில் நடந்ததையெல்லாம் பெரிய நோட்டில் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். மேனேஜர் அதை 'ரைட் அப்' என்பார்.

அகராதி வாங்கினேன். கேட்டதைச் சட்டென்று குறித்துக்கொண்டால் 'ரைட் டவுன்'. அந்தக் குறிப்பை வைத்து விரிவாக, ஒழுங்காக எழுதினால் 'ரைட் அப்'. இனி உதவாது என்று தலைமுழுகினால் 'ரைட் ஆஃப்'. டீக்கடையில் கேட்காதவர்களுக்கும் இதை விளக்கினேன். லாரிச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் காதில் விழவில்லை, தப்பித்தார்கள்.

பிரஸ் மெஷினில் வடக்குப்பட்டுக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை என்னிடம் வந்தார்.

"தம்பி, மெஷின் முன்னால கம்பிக் கூண்டு ஆடிக்கினு கீது. கயண்டா கை உள்ள பூடும். நோட்டுல எழுதிடு, அப்பதான் ஃபிட்டர் வருவாரு."

துண்டுச் சீட்டில் தமிழில் குறித்துக்கொண்டேன். நோட்டில் ஏற்றப்போனால் கூண்டுக்கு ஆங்கிலம் தெரியவில்லை. அகராதி 'கேஜ்' என்றது. கிளிக்கூண்டு என்று நினைத்து மேனேஜர் சிரித்துவிட்டால்? டீக்கடையில் அத்தனை அளந்தவன் யாரிடம் போய்க் கேட்பது? சரியான சொல் கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று கரண்டு இரண்டு முறை போனதைப் பற்றி மட்டும் அரைப்பக்கம் அழகழகாக எழுதினேன்.

மறுநாள், "எழுதினியா தம்பி?" என்றார்.

"எழுதிட்டேண்ணே" என்றேன். சீட்டில் எழுதியதும் எழுத்துதானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

புதன்கிழமை காலை கூண்டு கழன்று விழுந்தது. அவருடைய வலது கை நடுவிரலின் நுனி போயிற்று.

அடுத்த வாரம் கட்டுப்போட்ட கையோடு ஆபீசுக்கு வந்தார். "முன்னாடியே சொல்றதுக்கு என்ன? கவனமில்லாத ஆளை வேலையில வெச்சுக்க முடியாது" என்றார் மேனேஜர்.

"சொன்னேன் சார். தம்பி நோட்டுல எழுதிகீது, பாருங்க." அப்படிச் சொல்லிவிட்டு என்னைத் தைரியமாகப் பார்த்தார்.

மேனேஜர் நோட்டைப் புரட்டினார். கரண்டு போன கதைதான் இருந்தது.

"அவர் சொன்னது நிஜம் சார். கூண்டுக்கு இங்கிலீஷ் தெரியாம நான்தான் எழுதல" என்றேன். காதெல்லாம் சுட்டது. மேனேஜர் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆனால் வடக்குப்பட்டுக்காரரின் வேலை தப்பியது.

வெளியே வந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அறைந்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"எழுதலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அந்த மெஷின்ல கைய வெச்சிருக்க மாட்டேனே தம்பி."