மணி உதிர்த்த கதிர்

பல்லரோச் சந்தைத் தெருவில் எங்கள் அறையில் அடைந்து கிடந்தவர்களில் அலோசியஸ் அண்ணனைப் போலக் களைத்த மனுசனை நான் காணவில்லை. விடிய எழும்பி பக்கத்து ஊர் பகேரியாவுக்கு ரயில் ஏறுவார். அங்கே சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு பணக்கார அம்மாவின் வில்லாவில் தோட்டவேலை. திரும்பி வந்தால் சப்பாத்தைக் கழற்றாமலே சரிந்துவிடுவார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு சிஞ்ஞோரா ஒரு பை சோள விதை கொடுத்தார். ஒக்டோபரில் மகளுக்குக் கலியாணம். வில்லாத் தூண்களில் அந்தக் கதிர்களைக் கட்ட வேண்டுமாம். "நல்லா வந்தா தோட்டத்து அறை உனக்கு" என்றும் சொல்லியிருந்தார். சொந்தமாக ஓர் அறை இருந்தால் மன்னாரிலிருந்து மனைவி ஸ்ரெல்லாவைக் கூப்பிடலாம். பிறகென்ன, மனுசன் உயிரைக் கொடுத்தார். கோடையில் குழாய் வற்றியபோது வாளியால் சுமந்து ஊற்றினார். தோள்மூட்டு போய்விட்டது.

பயிர் எங்கள் ஊர் இறுங்குச் சோளம் மாதிரித்தான். ஆனால் கதிர் நீளமாய் விரிந்து, மணிகள் சிவப்பும் கறுப்புமாய்ப் பளபளத்தன. விளக்குமாறு கட்டுகிற சோளம் இது என்று பக்கத்துத் தோட்டக்காரன் சொன்னான். அண்ணன் வெட்டி, சிஞ்ஞோரா சொன்னபடியே தலைகீழாய்க் கட்டிக் காயவிட்டார். சிஞ்ஞோரா கலியாண உடுப்பு எடுக்க ரோமுக்குப் போயிருந்தார்.

"தானியத்தோட தோரணம் கட்டினா எலி விடுமே?" என்றார் அண்ணன் என்னிடம். கோயில் பெருநாளுக்கு ஓலையைச் சுத்தமாய் வார்ந்து தோரணம் கட்டிப் பழகிய கை அது. நோகிற தோளோடு ஒவ்வொரு கதிராய்ப் பலகையில் அடித்து மணியை உதிர்த்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சிஞ்ஞோரா வந்து பார்த்தார். வெறும் ஈர்க்குக் கட்டுகள்.

"நிறம் எங்க?"

அண்ணன் ஓடிப்போய் உதிர்த்த மணி மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். "இந்தா சிஞ்ஞோரா, ஒரு மணியும் சிந்தேல்லை."

சிஞ்ஞோரா பூக்கடைக்குப் போன் எடுத்தார். தூண்களுக்குக் கடைப்பூ வந்தது. தோட்டத்து அறை புதிதாக வந்த சமையல்காரனுக்குப் போனது. அதைக் கூட்டித் துடைத்துக் கொடுக்கச் சொன்னது அண்ணனைத்தான். தன் சோளத்திலேயே விளக்குமாறு கட்டிக் கூட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"அறை எப்பிடி அண்ணை?" வாயைக் கட்ட முடியாமல் கேட்டுவிட்டேன்.

"நல்ல வெளிச்சம்" என்று சப்பாத்தோடு சரிந்தார். "ஸ்ரெல்லாவுக்குப் பிடிச்சிருக்கும்."