கேமராவை விட்ட கை

வளைகுடாவிலிருந்து வந்த மச்சினன் தன் டிஜிட்டல் கேமராவை ஒரே ஓர் இரவுக்குத் தந்தான். மறுநாள் அவனுக்கு விமானம். அன்று பௌர்ணமி. படம் பதிய முப்பது நொடி ஆகும்படி அவனே அதைச் சரிசெய்திருந்தான். கேமராவோடு வந்த புத்தகத்து ஆங்கிலம் எனக்கு ஏறாது.

நானும் மனைவியும் மட்டாஞ்சேரிக் காயலோரச் சுவரில் ஒரு கிலோ சிறுபயறுப் பையை வைத்து, அதன்மேல் கேமராவை உட்கார வைத்தோம். பொத்தானை அழுத்தியதும், தண்ணீரில் விழுந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இப்படி எடுத்த மூன்று படமும் கலங்கிப்போயின.

"கையை எடுங்க. விழுந்தா என் தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நீ சொல்லிடுவே. அவன் என்னைத்தான் பார்ப்பான்."

"நீங்க நடுங்குறதைத்தான் அது படம் பிடிக்குது. பேசாம அங்க போய்ச் சாயா குடிங்க."

போகவில்லை. பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்து, பின்னால் நின்று முப்பது வரை எண்ணினேன்.

கண்ணுக்குக் கருப்பாயிருந்த காயல் படத்தில் பாலாகக் கிடந்தது. வானம் பட்டப்பகல் நீலம், அதில் நான்கு நட்சத்திரங்கள். எதிர்த் தீவின் கிரேன்கள்கூடத் துல்லியமாக நின்றன.

"பாரு, பாரு," என்று அவளை உலுக்கினேன். "இன்னொண்ணு எடுப்போம்."

அடுத்த படத்துக்கு அவளே என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.