ரன்வேயில் உடைத்த சிதறு தேங்காய்

1. என் ரோடு, அவர்கள் ரன்வே

விமானம் வர முக்கால் மணி நேரம் இருக்கும்போது ரன்வேயின் நட்டநடுவில் ஒரு தேங்காய் சுக்குநூறாக உடைந்தது. அந்த ரன்வே வேறெதுவுமில்லை, வடக்கு அந்தமானில் ஜூனியர் இன்ஜினியராக இருந்தபோது நான் நின்று தார் போட்ட ரோடுதான்.

அவசர காலத்தில் ராணுவ விமானம் ரோட்டிலேயே இறங்க வேண்டும் என்பது திட்டம். சண்டை வந்தாலும் வரும், புயலும் நிலநடுக்கமும் வந்தாலும் வரும். ஏர்போர்ட் போய்விட்டால் மருந்தும் அரிசியும் மெயின்லேண்டிலிருந்து எப்படி வந்து சேரும்? அதற்காக ஒரு நேரான துண்டைத் தேர்ந்தெடுத்து, கரண்ட் கம்பங்களைத் தள்ளி நட்டு, மரக்கிளைகளைக் கழித்து, மேடு பள்ளம் பார்த்து ஆறு மாதம் உழைத்தோம். அன்றைக்கு ஒரு சின்ன விமானத்தை இறக்கிப் பார்க்கும் சோதனை.

ரன்வேயில் கிடக்கும் கல், ஆணி, நட்டு, எல்லாவற்றுக்கும் எஃப்.ஓ.டி. என்று ஒரே பெயர். சுண்டுவிரல் அளவு கல் போதும், விமானத்தைக் கெடுத்துவிடும். அதனால் என் கேங் ஆட்கள் இருபது பேரும் தோளோடு தோள் நின்று, தலையைக் குனிந்து, ரோடு முழுக்க மூன்று தடவை நடந்தார்கள். என்னையும் சேர்த்து எல்லோருக்கும் ஆரஞ்சு ஜாக்கெட். என் உத்தரவு ஒன்றுதான்: "கைல எது வந்தாலும் கீழ போடக் கூடாது. ஜாக்கெட் பாக்கெட்ல போடு!"

வரிசைக்குத் தலைமை பாக்கியம். ராமநாதபுரத்துக்காரி. பதினெட்டு வருடமாகத் தினக்கூலி மஸ்தூர். அவளை நிரந்தரமாக்கும் ஃபைல் நகர்ந்து நகர்ந்து அப்போதுதான் போர்ட் பிளேரில் பெரிய மேசைக்குப் போயிருந்தது. அவள் பெயரில் ஒரு புகார் எழுதிப் போனால் போதும், அது மறுபடி அலமாரிக்குள் போய்விடும். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

2. தேங்காய்

மூன்றாவது நடையும் முடிந்து, 'க்ளியர்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்கப்புறம்தான் பாக்கியம் தேங்காயை உடைத்தாள்.

எங்கள் கேங்கில் அது வழக்கம். புது ரோலர் வந்தாலும் உடைப்போம், சின்னக் கல்வெர்ட் பாலம் திறந்தாலும் உடைப்போம். பெங்காலி ஆட்களும் ராஞ்சி ஆட்களும் கூட நின்று கும்பிடுவார்கள். சிதறு தேங்காய் எடுத்தவனுக்குச் சொந்தம் இல்லையா? சிரித்துக்கொண்டு பாய்ந்து, ஆளுக்கொரு சில்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். நானும் பக்கத்தில்தான் வயர்லெஸ் ஆளோடு பேசிக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து ராணுவ அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. இறங்கிய பூட்ஸுக்கு அடியில் 'நறுக்' என்றது.

"யே க்யா ஹை, இன்ஜினியர் சாப்? என்ன இது? இதுதான் உங்க க்ளியரா?" என்று இந்தியில் கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

நான் பாக்கியத்தின் மேல் பாய்ந்தேன். "அறிவிருக்கா உனக்கு? மூணு தடவ பொறுக்குன எடத்துல தேங்காயா ஒடைப்ப?"

"மொத மொதல்ல எறங்குது சார். உள்ள வர்றதும் யாரோ பெத்த பிள்ளைகதானே. நல்லபடியா எறங்கணும்னுதான்..."

"வாய மூடு!"

இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

3. ஒரு சில் குறைந்தது

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாத் துண்டும் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் விமானத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார்.

எல்லாத் துண்டும் வந்துவிட்டது என்று எப்படி நிரூபிப்பது? பாக்கியம்தான் வழி சொன்னாள். ஒரு சாக்கை விரித்தாள். தின்றவர்கள் எல்லோரும் பாக்கெட்டிலிருந்த ஓட்டுச் சில்லுகளைக் கொட்டினார்கள். உட்கார்ந்து, உடைந்த பானையை ஒட்டுவது மாதிரி ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். தேங்காய் உருண்டு திரண்டு வந்தது. கண் பக்கத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை.

மறுபடி நடந்தோம். முட்டிபோட்டுத் தேடினோம். கிடைக்கவில்லை. வானத்தில் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

"ரோட்டுல இல்ல சார். ரோடு சுத்தம். கொஞ்சம் இப்பிடித் தள்ளி வாங்க, ஒண்ணு சொல்லணும்" என்று பாக்கியம் கிட்டே வந்தாள்.

"நீ சொன்னதெல்லாம் போதும். பேசாம நில்லு!"

அதிகாரி வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார். "திருப்பி அனுப்பறேன். உடைச்சது யார்னு ரிப்போர்ட்ல பேரோட எழுதுங்க."

பேனா எடுக்க ஜாக்கெட் பாக்கெட்டில் கையை விட்டேன். பேனாவோடு சேர்ந்து ஒரு ஓடு வந்தது. இரண்டு விரல் அகலம். பருப்பைக் கடித்த பல் தடம்கூட இருந்தது. என் பல்தான்.

வயர்லெஸ் ஆளோடு பேசிக்கொண்டே, காலடியில் வந்து விழுந்ததைக் குனிந்து எடுத்துத் தின்றிருக்கிறேன். ஓட்டைக் கீழே போடாமல் பாக்கெட்டில் போட்டிருக்கிறேன். ஐம்பத்தைந்து வயதுக் கை, கோயில் வாசல் பழக்கத்தில் தானே செய்திருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி தப்பிக்கத்தான் பார்த்தேன். சாக்கில் நழுவவிட்டு, 'இதோ கிடைச்சிருச்சு' என்று சொல்லிவிடலாம். நிமிர்ந்தால் பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. 'போட்டுருங்க சார்' என்பது மாதிரி சாக்கைக் கண்ணால் காட்டினாள்.

ஓட்டைத் தூக்கிக் காட்டினேன். "சாப், மேரே பாஸ் தா. மைனே காயா. என்கிட்டதான் இருந்துச்சு, நான்தான் தின்னேன்."

அதிகாரி அதை வாங்கிக் குனிந்து தானே பொருத்தினார். சரியாக உட்கார்ந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வயர்லெஸ்ஸில், "ரன்வே க்ளியர்" என்றார். அடுத்த பத்தாவது நிமிடம் விமானம் பூ மாதிரி வந்து இறங்கியது. கேங் ஆட்கள் துள்ளினார்கள். நான் பாக்கியம் பக்கத்தில் போய் நின்றேன்.

"நான் எடுத்தத பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"அத்தன திட்டு திட்டுனேன். எல்லார் முன்னாலயும் சொல்லிருக்கலாம்ல?"

"அதிகாரி முன்னால ஒங்களக் காட்டிக் குடுக்க எப்பிடி சார் வாய் வரும்? தனியாச் சொல்லத்தான் கூப்புட்டேன். நீங்க எங்க கேட்டீங்க?"

"உன் ஃபைலு?"

"அது கெடந்த கெடையில இன்னும் ரெண்டு வருசம் கெடக்கும். அம்புட்டுத்தானே."

ரிப்போர்ட்டில் என் பெயரை எழுதினேன். எனக்கு மெமோ வந்தது. அவளுக்கு நிரந்தர வேலைக்கான ஆர்டர் வந்தது. ஆனால் இதைப் படிக்கும் இளைய பொறியாளர்களுக்கு நான் சொல்ல வந்தது அதுவல்ல. திட்டியது எத்தனை பேர் முன்னாலோ, மன்னிப்பும் அத்தனை பேர் முன்னால்தான் கேட்க வேண்டும். விமானம் இறங்கிய அன்றைக்கே இருபது பேரையும் கூப்பிட்டு நிற்கவைத்தேன். "பாக்கியம், தப்பு என்னோடது. மன்னிச்சிரும்மா" என்று கும்பிட்டேன்.

அவள் பதறிப்போய் என் இரண்டு கையையும் பிடித்து இறக்கிவிட்டாள். "அட போங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஜாக்கெட் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.