பதினான்காவது பெயர்

“வரிசை எண் பதினான்கு — ஏகாம்பரம்.”

எங்கள் ஊரின் இந்த வருடப் பாடு பட்டியலில் இருக்கும் வரி இது. என் கையெழுத்து. இதில் என்ன தப்பு என்கிறீர்களா? ஏகாம்பரம் இறந்து இரண்டு மாதமாகிறது. இறந்த தேதியும் நேரமும் என் டைரியில் இருக்கின்றன. அதையும் நானேதான் எழுதினேன்.

அடுத்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் கிழமை மாறியிருந்தால்கூட போன் போட்டுச் சொல்கிற ஆள் நான். தபால் ஆபீஸில் காலமெல்லாம் தேதி முத்திரை குத்திய கை... எப்படி வழுக்கியது?

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். பழவேற்காடு ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான். யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். படகேறிப் போகிற ஆணின் பெயர்தான் பட்டியலில் இருக்கும். ஆள் போனால் பெயரும் போகும். மகன் இருந்தால் அவன் பெயர் ஏறும்.

ஏகாம்பரத்துக்கு இரண்டும் பெண்கள்.

பெரியவளை நர்ஸாக்கிவிட்டார். சின்னவள் பொன்னேரியில் காலேஜ், கடைசி வருடம். விடிவதற்குள் வலை எடுத்து, மீனை மனைவி தேசம்மாவின் கூடையில் கொட்டிவிட்டு, ஈர லுங்கியோடு மகளை பைக்கில் ஏற்றி பஸ் ஸ்டாண்டில் விடுவார். மழையானாலும் அவள் பஸ்ஸைத் தவறவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் மகள்தான் வாசித்துக் காட்டுவாள். நான் ஏரியைப் பற்றி ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் மறுநாள் காலை என் வாசலில் நிற்பார் — நாலு நண்டும் ஒரு திருத்தமுமாக.

நண்டுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். திருத்தத்துக்குச் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஊர் கூடியது. தலைவர் பட்டியலைப் படிக்கப் படிக்க, “இருக்கேன்”, “இருக்கேன்” என்று குரல்கள் வந்தன. பதினான்காவது பெயருக்கு யாரும் வாய் திறக்கவில்லை.

மாரி திறந்தான். ஏகாம்பரத்தின் சித்தப்பா மகன். எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன்.

“இன்னா சார், எங்கண்ணன் மேலேர்ந்து எறங்கி வந்தா வலை போடும்?”

சிலர் சிரித்துவிட்டார்கள். ஓரமாக நின்ற தேசம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் பேனாவை எடுத்தேன். அடித்தால் அந்த வீட்டுக்கு இந்த வருடம் ஏரியே இல்லை. சின்னவளின் படிப்பு என்னாகும்? அடிக்காவிட்டால் ஊர் விதி என்னாகும்?

“அடிக்காத சார்,” என்றார் தலைவர். “முனுசாமி செத்த வருசம் அவன் பேரை அடிச்சமா?”

அப்போது நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். ஆனால் பழைய பட்டியல்கள் என்னிடம்தான் இருக்கின்றன. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். முனுசாமி இறந்த பிறகும் ஒரு வருடம் முழுக்க அவர் பெயர் இருக்கிறது.

ஏகாம்பரத்தின் பெயரும் நின்றது. சீட்டில் நல்ல இடமாகவே விழுந்தது. யார் போய் வலை போடுவது? தலைவர் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

சரி, முனுசாமிக்காகப் போனது யார்? தலைவரிடம் கேட்டேன்.

“அதெல்லாம் கேக்கக் கூடாது சார். பேரு வெளிய வந்தா அந்தம்மா ஊர்ல தலை நிமிந்து நடக்க வாணாவா?”

கேட்கக் கூடாது என்றால் எனக்குச் சோறு இறங்குமா? மறுநாளே காட்டூருக்கு பஸ் ஏறினேன். முனுசாமியின் மனைவி இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். முறை வரும் நாளெல்லாம் விடியும்போது வாசலில் மீன் கொட்டி வைத்திருக்குமாம். யாரென்று நீங்கள் பார்க்கவே இல்லையா?

“பாத்தா நின்னுடுமோனு பயம் சார். காலடிச் சத்தம் கேக்கும். கதவத் தொறக்காம ஒக்காந்துனு இருப்பேன்.”

திரும்பி வந்து தேசம்மாவிடம் அந்த வருடத்தைப் பற்றி விசாரித்தேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது — கோபத்தோடு.

“எங்க முறை இல்லாத நாள்லயும் வெடிகாலைல எழுந்து போவாரு சார். திரும்பி வந்தா மேலெல்லாம் மீன் வாசனை, கூடையில ஒரு மீன் இல்ல. நான் இன்னானு நெனைக்கிறது? எவளுக்கோ குடுத்துட்டு வராருனு ரெண்டு நாள் பேசல நானு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். இரண்டு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பகூட வாயத் தொறக்கல பாருங்க, அந்த மனுசன்.”

அந்த வருடம் முனுசாமியின் முறை நாட்களில் வலை போட்டது ஏகாம்பரம்தானா? பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை. “உறுதி செய்யப்படவில்லை” என்றே குறித்து வைத்திருக்கிறேன். தப்பாக இருந்தால் திருத்துவதற்கு இனி என் வாசலுக்கு யார் வருவார்? (தேசம்மாவிடமும் முனுசாமியின் மனைவியிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.)

வியாழக்கிழமை பதினான்காம் எண்ணின் முதல் முறை. விடியும்போது தேசம்மா வீட்டு வாசலில் மடவை மீனும் இறாலும் குவிந்திருந்தன. காலடிச் சத்தம் கேட்டதாம். கதவைத் திறக்கவில்லை என்றார்.

மாரியின் மனைவி இரண்டு நாளாக அவனோடு பேசுவதில்லை என்று கேள்வி. இதுவும் உறுதி செய்யப்படவில்லை.